இடுப்பில் ஒரு சிவப்புப் புள்ளி

எனக்குக் கோபம் மூக்கின் மேல் உட்கார்ந்திருக்கும் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். அன்றைக்கு அது தலைக்கே ஏறியிருந்தது. சோதனை அறையின் திரையில் ஒரு சிவப்புப் புள்ளி, சரியாக நான் வெல்டு செய்த இடத்தில். அறையில் இருந்தவர்கள் திரையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

தரைக்குக் கீழே ஆழமான தொட்டியில், திரவ ஹீலியத்தில் மூழ்கிக் கிடந்தது எங்கள் கேவிட்டி. நியோபியம் என்ற உலோகத்தில் செய்த, நடுவில் பருத்த கூடு. துகள் முடுக்கியில் இப்படிப்பட்ட கூடுகளை வரிசையாக வைத்து, உள்ளே ரேடியோ அலையை அடைத்து, அதன் விசையில் துகளைத் தள்ளுவார்கள். வடிவத்தை வரைந்தது என் அண்ணி. இரண்டு கிண்ணங்களை வாயோடு வாய் வைத்து, எலக்ட்ரான் கற்றையால் இடுப்பைச் சுற்றி ஒட்டியது நான். ஒரே வீட்டு ஆட்கள் இரண்டு பேர் ஒரே பொருளில் கை வைக்கிறீர்களே, விளங்கினாற்போலத்தான் என்று அண்ணன் அப்போதே கேலி செய்தான்.

சக்தியை ஏற்றிக்கொண்டே போனோம். வேண்டிய அளவில் பாதியைத் தொட்டதும் கேவிட்டி படுத்துவிட்டது. எங்கேயாவது ஓர் இடம் கொஞ்சம் சூடானாலும், மின்சாரம் தடையே இல்லாமல் ஓடும் அந்த மீக்கடத்தும் தன்மை போய்விடும். அந்த இடத்தைக் காட்டிக்கொடுக்கத்தான் இடுப்பைச் சுற்றி வெப்பமானிகள் கட்டியிருக்கிறோம். புள்ளி நின்றது, நான் வெல்டைத் தொடங்கி ஒரு சுற்று வந்து முடித்த இடத்தில். வெல்டு தப்பும் என்றால் அங்கேதான் தப்பும்.

எங்கள் துறைத்தலைவருக்கு நாங்கள் வைத்த பெயர் பிரேக். எதையும் நிறுத்துவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. இதோடு நிறுத்தச் சொன்னார். வெல்டில் குறை என்று முடித்துவிடலாம், இனிமேல் வெல்டிங்கை வெளியே கொடுக்கலாம், வடிவமாவது பிழைக்கும் என்றார். வெளியே கொடுத்தால் என் அறைக்குப் பூட்டு, எனக்கு வீடு. அதை அவர் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். முடியவில்லை. கேமராவை உள்ளே விட்டு நானே பார்த்தேன், வெல்டு சுத்தம், இடுப்பை இப்படித் தட்டையாக வரைந்தவர்களைக் கேளுங்கள் என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன். அண்ணி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பிறகு அண்ணி, யாரையும் குறை சொல்லாமல், இந்தச் சூட்டுக்கு இரண்டு காரணம் இருக்கலாம் என்றார். ஒன்று, வெல்டில் குழி. இன்னொன்று, சுவரிலிருந்து கிளம்பும் எலக்ட்ரான் திரும்பி வந்து அதே சுவரில் மோதி இன்னும் நாலைக் கிளப்பி, அந்த நாலும் மோதி, கூட்டமாகப் பெருகுவது. வடிவம் சரியாக இருந்தால் அந்தக் கூட்டம் தானாக அடங்கும். இல்லையென்றால் இடுப்பிலேயே கும்மாளம் போடும். குழி என்றால் எத்தனை முறை ஏற்றினாலும் புள்ளி அங்கேயே நிற்கும். எலக்ட்ரான் கூட்டம் என்றால் இடம் மாறும்.

"மாறினா என்ன ஆகும்னு தெரியுமில்ல?" என்றார் பிரேக். "உங்க வடிவத்த இன்னையோட தூக்கிப் போட்டுருவாங்க. இப்ப நிறுத்துனா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

"தெரியும் சார். ஏத்திப் பாத்துரலாம்," என்றார் அண்ணி.

கத்தினேனே தவிர, அந்த வெல்டின் மேல் எனக்கே முழு நம்பிக்கை இல்லை. முடிக்கிற நேரத்தில் கற்றை ஒரு துளி நடுங்கினாற்போல இருந்தது. கேமராவுக்குத் தெரியாத குழி எத்தனையோ உண்டு. நகர்ந்து தொலை, நகர்ந்து தொலை என்று அந்தப் புள்ளியைக் கெஞ்சினேன். அந்த ஒரு வளைவுக்காக அண்ணி வருஷக்கணக்காகக் கண்ணைக் கெடுத்துக்கொண்டதை வீட்டிலேயே பார்த்தவன் நான். அப்படியும் கெஞ்சினேன்.

முதல் ஏற்றத்தில் புள்ளி அசையவில்லை. அடுத்ததிலும் அதே இடம். போதுமே என்று பிரேக் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். அண்ணி, கொதித்த ஹீலியம் அடங்கும்வரை காத்திருந்து, மறுபடியும் குமிழைத் திருகினார். எண்கள் மெல்ல ஏறின, பாதியைத் தொட்டன, கேவிட்டி படுத்தது. இந்த முறை புள்ளி நாலு விரல் தள்ளி எரிந்தது.

"வெல்டு இல்ல சார். வடிவம்தான்," என்றார் அண்ணி. "என்னோட தப்பு."

அப்பாடா என்று மூச்சு விட்டேன். அந்த மூச்சு முடிவதற்குள் என் மேலேயே எனக்கு வெறுப்பு வந்துவிட்டது. அண்ணியின் முகம் எப்போதும்போலத்தான் இருந்தது. கைகள் மட்டும் மேசை விளிம்பை விடவில்லை.

"அண்ணி, இன்னொரு தடவ ஏத்திப் பாக்கலாமா?"

"எதுக்கு?"

"ரெண்டு தடவ அங்கதான நின்னுச்சு. இது வெப்பமானி கோளாறா இருக்கும். திரும்ப அங்கயே வந்துரும்."

காலையிலிருந்து முதல்முறையாக அண்ணி என்னைப் பார்த்தார். வேண்டாம் என்பார் என்று நினைத்தேன். குமிழைத் திருகினார். என் வெல்டில் குழி இருக்கட்டும், பெரிய குழியாகவே இருக்கட்டும், வேலை போனால் போகட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு திரையைப் பார்த்தேன். புள்ளி இடுப்பின் மறுபக்கத்தில் எரிந்தது.

அண்ணி சக்தியை முழுதாக நிறுத்தினார்.

"உன் வெல்டு நல்லாத்தான் இருக்கு தம்பி," என்றார்.