ஞாயிற்றுக்கிழமை ரிங் கட்

இலங்கை மலையகத்தில் நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில், போன் விசயத்தில் மிலான் சொன்னதுதான் வேதம். பக்கத்து டவுன் ஹட்டனில் போன் திருத்தும் கடையொன்றில் வேலை பார்த்தான். வயது இருபத்து நாலு. யார் எந்தப் போனை நீட்டினாலும் முதலில் மூஞ்சியைச் சுளிப்பான், பிறகுதான் என்ன பழுது என்று கேட்பான். இதை யார் வாங்கச் சொன்னது, இதில் மெமரி கார்டு போட முடியுமா, புளூடூத் இருக்கா, டோர்ச் அடிக்கத்தான் போன் என்றால் டோர்ச்சையே வாங்கியிருக்கலாமே என்று ஒரு பாட்டம் பேசி முடித்த பிறகு, சிம்மைக் கழற்றித் துடைத்துப் போட்டுக் கொடுப்பான். அதிலேயே பாதிப் போன்கள் சரியாகிவிடும். அதை மட்டும் வெளியே சொல்லமாட்டான்.

இன்டர்நெட்டில் போன் பைத்தியங்கள் கூடிச் சண்டை பிடிக்கிற மன்றம் ஒன்றும் அவனுக்கு இருந்தது. அங்கே அவனுக்கு வேறு பெயர். எந்தப் போன் சிறந்தது, எதை வாங்குகிறவன் மடையன் என்று எழுநூறு தடவைக்கு மேல் தீர்ப்பு எழுதியிருந்தான். சிங்கப்பூர்க்காரன் ஒருவன் அவனை ‘சேர்’ என்று கூப்பிட்டிருந்தான். தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில், ஒற்றை அறைக் காம்பராவில் ஆறு பேரோடு படுத்து எழும்புகிறவனுக்கு அது லேசுப்பட்ட மரியாதையா? ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்கு அந்த மன்றம் களைகட்டும். அந்த நேரத்தில் அவன் அங்கே இல்லாவிட்டால் உலகத்தில் ஏதோ ஒன்று தப்பாகிவிடும் என்று மனதார நம்பினான்.

தொல்லை என்னவென்றால், 2005-ல் அந்தத் தோட்டத்தில் சிக்னல் கிடைத்தது ஒரே ஓர் இடத்தில்தான். மாதா சிலை வைத்த கெபிக்குப் பக்கத்து வளைவில் ஒரு கல் இருந்தது. அதன்மேல் ஏறி நின்றால் மூன்று கோடு. இறங்கி நாலடி நடந்தால் ஒன்றுமில்லை. ஞாயிறு நாலு மணிக்கு அந்தக் கல்லில் பெற்றீசியா நிற்பாள்.

பெற்றீசியா கொழுந்து எடுக்கிறவள். புருசன் செத்து ஒன்பது வருடம். ஒரே மகள் றொசானா, அரபு நாட்டில் ஒரு வீட்டில் வேலைக்கு இருந்தாள். அங்கிருந்து ஊருக்கு வந்த ஒருத்தியிடம் ஒரு சின்னப் போனையும் கொடுத்தனுப்பி, அதோடு ஓர் ஒப்பந்தமும் சொல்லி அனுப்பியிருந்தாள். பேசினால் காசு போகும். அதனால் ஞாயிறு நாலு மணிவாக்கில், வீட்டுக்காரி தூங்கும்போது, மணியை அடிக்கவிட்டு வெட்டிவிடுகிற ரிங் கட் கொடுப்பாள். ஒரு தடவை அடித்து நின்றால் சுகம். இரண்டு தடவை அடித்தால் ஆபத்து. அப்படி வந்தால் அம்மா உடனே கோயில் உபதேசியார் மரியநாயகத்திடம் ஓடவேண்டும். அவர் ஃபாதரிடம் சொல்லி அவளை அனுப்பிய ஏஜென்சியைப் பிடிப்பார். இந்த ஏற்பாட்டை பெற்றீசியா கொழுந்து மலை முழுக்கப் பெருமையாகச் சொல்லி வைத்திருந்தாள். மிலானுக்கும் தெரியும்.

வீட்டுக்காரி எப்போது தூங்குவாள் என்று யார் கண்டது? சில வாரம் நாலரை ஆகும், சில வாரம் ஐந்தும் ஆகும். அதுவரை பெற்றீசியா கல்லை விட்டு இறங்கமாட்டாள். கீழே மிலானும் அவன் சிநேகிதன் லக்ஸ்மனும் காத்துக் கிடப்பார்கள்.

“டேய், எவ்வளவு நேரம்டா இந்த அத்தைக்குக் காவல் நிக்கிறது?” என்றான் லக்ஸ்மன் ஒரு ஞாயிறு.

“அதுக்கு வேண்டியது ஒரு ரிங்தானே?” என்றான் மிலான். “நாமளே குடுத்துட்டா போச்சு.”

அவள் நம்பர் அவனிடம் இருந்தது, போனைத் துடைத்துக் கொடுத்தவனே அவன்தானே. கல்லின் அடியோரம் அவனுக்கும் அரைக் கோடு கிடைத்தது, ஒரு ரிங்குக்கு அது போதும். தன் போனில் நம்பர் தெரியாமல் மறைக்கிற செட்டிங்கைப் போட்டான். வெளிநாட்டு அழைப்பும் அப்படி நம்பர் இல்லாமல்தான் வந்து விழும். பொத்தானை அமுக்கினான். கல்லின்மேல் ஒரு தடவை மணி அடித்து நின்றது. பெற்றீசியா போனை நெஞ்சோடு வைத்துக்கொண்டு சிலுவை போட்டாள்.

“எம் புள்ள நல்லா இருக்கா தம்பி” என்று சிரித்துக்கொண்டே இறங்கி, சிக்னல் இல்லாத லயத்துக்கு நடந்தாள். லக்ஸ்மன் சிரிப்பை அடக்கமுடியாமல் தேயிலைக்குள் போய்க் குந்திக்கொண்டான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் நாலு மணிக்கு அச்சுப்பிசகாமல் ரிங் வந்தது. ஒவ்வொரு தடவையும் செட்டிங்கைத் தேடுவது வெட்டி வேலை என்று மிலான் அதை நிரந்தரமாகவே போட்டுவிட்டான். நம்பர் தெரியாததால் ஊர்க்காரர்கள் எல்லாம் அவன் அழைத்தால் எடுக்கத் தயங்கினார்கள், அதையும் அவன் ஒரு மரியாதையாகவே எடுத்துக்கொண்டான். பெற்றீசியாவுக்கோ அவன்மேல் பாசம் பெருகிவிட்டது.

“நீ துடைச்சுக் குடுத்ததுல இருந்து நேரத்துக்கு வருது. கைராசிக்காரன் தம்பி நீ” என்று ரொட்டியும் கட்டைச் சம்பலும் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் வெட்கப்படாமல் வாங்கித் தின்றான். லக்ஸ்மனுக்கும் பாதி கொடுத்தான்.

மூன்று மாதம் கழித்து றொசானா வந்து சேர்ந்தாள். தூதரக ஆள் ஒருவர் வேனில் கொண்டுவந்து இறக்கினார். இடது காலில் கம்பி, கக்கத்தில் ஊன்றுகட்டை. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை இஸ்திரிப் பெட்டி வைத்த தழும்புகள், ஒன்றின்மேல் ஒன்றாக. கடைசியில் மாடி ஜன்னலால் குதித்திருந்தாள். ஓடிவந்து கட்டிப்பிடித்த அம்மாவை அவள் திரும்பக் கட்டிப்பிடிக்கவில்லை.

“பதினொரு ஞாயிறு ரெண்டு ரெண்டா அடிச்சேன்” என்றாள். “நீங்க எங்க போனீங்க?”

பெற்றீசியா சத்தியம் செய்தாள், மாதாமேல் சத்தியம் செய்தாள். ஒன்றுதான் வந்தது, ஒவ்வொரு வாரமும் ஒன்றுதான் வந்தது என்றாள். மகள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்து மரியநாயகம் உபதேசியார், விசயம் தெரிந்தவனைக் கேட்போம் என்று மிலானை அவர்கள் வீட்டுக்கே கூட்டிவந்தார். லயத்துச் சனம் வாசலில் கூடிவிட்டது. றொசானா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மிலான் அந்தத் தழும்புகளைப் பார்த்தான். சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு கணம் நினைத்தான். லயத்தார் உதைப்பார்கள், கடை முதலாளி துரத்துவான், தோட்டத்தில் எவனும் இனி போனை நீட்டமாட்டான். அந்தக் கடைசி நினைப்புத்தான் அவனை அதிகமாகப் பயமுறுத்தியது.

“தம்பி, அங்க ரெண்டு அடிச்சா இங்க ஒண்ணா வருமா?” என்று கேட்டார் உபதேசியார்.

மிலான் போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மூடியைக் கழற்றினான். பற்றரியை எடுத்து ஊதினான். பிறகு கடையில் பேசுகிற குரலில் பேசினான்.

“அப்பிடி வராதுங்க. ரெண்டு அடிச்சா ரெண்டுதான். போன்ல ஒரு பிழையும் இல்ல. அத்தை மொத ரிங் கேட்டதும் எறங்கி வந்துருவாங்க, ரெண்டாவதுக்கு நிக்கமாட்டாங்க. நானே பாத்துருக்கேன்.”

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதுதான் அவன் சாமர்த்தியம். வாசலில் நின்ற பெண்கள் “ஐயோ” என்றார்கள், ஒருத்தி பெற்றீசியாவைப் பார்த்துக் காறித் துப்பினாள். றொசானா தலையை மட்டும் ஆட்டினாள். அன்றிலிருந்து அம்மா வைத்த சோற்றை அவள் தொடவில்லை. பக்கத்துக் காம்பராக்காரி கொடுப்பதைத்தான் தின்றாள்.

அடுத்த ஞாயிறு மிலான் கல்லில் நின்றான். அன்றைக்கு யாரும் போட்டிக்கு வரவில்லை. மன்றத்தில் புதுக் கேமரா போன் ஒன்றைப் பற்றி அமர்க்களமான சண்டை. பாதியில் பெற்றீசியா வளைவில் ஏறி வந்தாள். ஒரு வாரத்தில் ஆள் பாதியாகியிருந்தாள்.

“தம்பி, ஒரு ஒதவி செய்யணும். எப்பிடி எண்ணணும்னு எனக்குச் சொல்லிக் குடு.”

“என்னத்த அத்தை எண்ணுறது?”

“ரிங்கத்தான். ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாம எம் புள்ளய நெருப்புல விட்டுட்டேன்னு சொல்றாங்க. ஒண்ணு அடி, அப்புறம் ரெண்டு அடி. எங் காதுதான் பிழையான்னு தெரிஞ்சுக்கிறேன்.”

முடியாது என்று சொல்ல அவனுக்கு ஒரு காரணமும் அகப்படவில்லை. அவளைக் கல்லில் ஏற்றிவிட்டுத் தன் போனில் அவள் நம்பரை அமுக்கினான். மணி அடித்தது. நிறுத்தினான்.

அவள் எண்ணவில்லை. போன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. ஆனால் உபதேசியார் அழைத்தால் நம்பர் வரிசையாக வரும் என்றும், நம்பரே இல்லாமல் இரண்டு சொல் மட்டும் வந்தால் அது தன் மகள் என்றும் தெரியும். எத்தனை ஞாயிறு அந்த இரண்டு சொல்லுக்கு முத்தம் கொடுத்திருக்கிறாள்.

“இதுவும் றொசானா ரிங் மாதிரியேதான வருது” என்றாள் மெதுவாக.

மிலான் தன் போனைப் பார்த்தான். நிரந்தரமாகப் போட்ட செட்டிங் அப்போதுதான் ஞாபகம் வந்தது. எழுநூறு தீர்ப்பு எழுதிய போனை அவசரமாகச் சட்டைப் பைக்குள் போட்டான். அவன் முகத்தை அவள் பார்த்தாள், கேட்கவேண்டியது எல்லாம் அதிலேயே இருந்தது.

அவள் அவனை அடிக்கவில்லை. அவன் அவளுக்கு முக்கியமே இல்லை. கல்லிலிருந்து பார்த்தால் லயத்து வாசல் தெரியும், கூப்பிட்டால் கேட்கும். றொசானா கட்டையைச் சாத்திவைத்து வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள்.

“றொசானா!” என்று அடிவயிற்றிலிருந்து கத்தினாள் பெற்றீசியா. “றொசானா! அம்மா மேல பிழை இல்லம்மா! இங்க வந்து பாரும்மா!”

றொசானா நிமிர்ந்து பார்த்தாள். கட்டையை எடுத்துக்கொண்டு எழும்பினாள்.

“எத்தன தடவ கூப்பிட்டீங்க?” என்று அங்கிருந்தே கேட்டாள். “எனக்கு ஒரு தடவதான் கேட்டுச்சு. அப்ப சுகமா இருக்கீங்க.”

உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். பெற்றீசியா போனைக் கையில் பிடித்தபடி கல்லை விட்டு இறங்கி, விழுந்தடித்துக்கொண்டு லயத்துக்கு ஓடினாள். கதவைத் தட்டுகிற சத்தம் வளைவுவரை கேட்டது. மிலான் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றான். கதவு திறக்கவில்லை. கல் காலியாக இருந்தது. ஏறி நின்று, மூன்று கோடும் வந்ததும், விட்ட இடத்திலிருந்து எழுதத் தொடங்கினான்.