கொடிக் கயிறு கினாசி கையில்

சுதந்திர நாளில் கொடியை யார் வீட்டுப் பிள்ளை ஏற்றுவது என்று போன வருடம் சுரபாயாவில் எங்கள் சந்தில் இரண்டு குடும்பங்கள் சண்டை போட்டன. வாய்ச்சண்டையில் தொடங்கி, நாற்காலியைத் தூக்குகிற வரை போய்விட்டது. அதனால் இந்த வருடம் சந்துத் தலைவர் சுகிர்மான் ஐயா, எங்கள் பேச்சில் பாக் சுகிர்மான், ஒரு வழி கண்டுபிடித்தார். பிள்ளைகளின் பெயர்களைத் துண்டுக் காகிதத்தில் எழுதி, நாங்கள் பெண்கள் மாதாமாதம் சீட்டுக் குலுக்குகிற கண்ணாடிக் குவளையில் போட்டார். முதலில் விழும் பெயருக்குக் கயிறு இழுக்கும் வேலை. அடுத்த இரண்டு பேர் கொடியைக் கட்டி விரித்துப் பிடிக்க வேண்டும். குவளையைக் கவிழ்த்ததும் முதலில் விழுந்தது என் மகள் பெயர்.

எல்லோரும் கை தட்டினார்கள். நான் மட்டும் தட்டவில்லை.

கினாசிக்குப் பதினைந்து வயது. தங்கமான பெண். ஆனால் டெம்பே, அதான் சோயாக் கட்டி, வாங்கி வா என்று அனுப்பினால் பூனைக்குட்டியோடு திரும்பி வருவாள். டெம்பேயும் இருக்காது, கொண்டுபோன பையும் இருக்காது. நான் வீட்டிலேயே சலவைக் கடை நடத்துகிறேன். ஒருநாள் வெள்ளைத் துணியை மிஷினில் போடு என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனேன். எதைப் பார்த்துக்கொண்டு நின்றாளோ, தோரணத்துக்கு வைத்திருந்த புதுச் சிவப்புத் துணியையும் சேர்த்துப் போட்டுவிட்டாள். பாக் சுகிர்மானின் விறைப்பான வெள்ளைச் சட்டை ரோஜா நிறத்தில் வெளியே வந்தது. அந்த மனிதர் நல்லவர். இந்த நிறம் தன் மனைவிக்குப் பிடித்திருக்கிறது என்று சொல்லி அதையே போட்டுக்கொண்டு திரிகிறார்.

நான் அவ்வளவு நல்லவள் இல்லை. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். வினார்சி கத்தினால் சுரபாயா துறைமுகத்தில் கப்பல் நின்றுவிடும் என்று என் வீட்டுக்காரரே ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார்.

நான் கத்தாத நேரத்திலும் பிள்ளை பயந்துகொண்டுதான் இருப்பாள். எதையாவது மறந்துவிடுவோமோ என்ற பயம். இஸ்திரிப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினோமா என்று திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பாள். அந்தப் பதற்றத்திலேயே புத்தகப் பையை விட்டுவிட்டுப் பள்ளிக்கு ஓடுவாள். போன பருவத் தேர்வில் பாதியிலேயே எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டாள். கேள்விகள் கஷ்டமில்லையாம். நடுவில் மனசு எங்கேயோ போய்விட்டதாம். திரும்பி வந்து பார்த்தால் மற்றவர்கள் எல்லோரும் அடுத்த பக்கத்துக்குப் போயிருந்தார்களாம். உடனே நெஞ்சை அடைத்துக்கொண்டதாம். அதற்குப் பிறகு நாலு பேர் கூடுகிற இடம் எதற்கும் அவள் வருவதில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் ரத்ரி அம்மா, எங்கள் பேச்சில் இபு ரத்ரி, என்ற மனநல ஆலோசகரிடம் கூட்டிப் போனோம். அவர் அவசரப்படாமல் பேசிப் பார்த்து, கவனக் குறைபாடும் இருக்கிறது, பதற்றமும் இருக்கிறது, ஒன்றை ஒன்று ஊட்டி வளர்க்கிறது என்றார். துள்ளிக் குதிக்கிற பிள்ளையாக இருந்திருந்தால் எப்போதோ யாராவது கவனித்திருப்பார்கள். இவள் சத்தம் போடாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை. இது சோம்பலும் இல்லை, திமிரும் இல்லை என்று அவர் சொன்னபோது கினாசி அழுதாள். நானும்தான். என் வீட்டுக்காரர் தர்சோனோ டீ வாங்கி வருகிறேன் என்று வெளியே போய், வெறுங்கையோடு சிவந்த கண்ணோடு திரும்பி வந்தார்.

கிளம்பும்போது இபு ரத்ரி என்னைத் தனியாக நிறுத்திச் சொன்னார்.

"பயப்படுறாளேன்னு அவ கையில இருக்குற வேலைய நீங்க வாங்கிடாதீங்க. வேலைய சின்னச் சின்னதா ஆக்கிக் குடுங்க. பக்கத்துல இருங்க. என்ன நடக்கப்போவுதுன்னு முன்னாடியே சொல்லிடுங்க."

கேட்கும்போது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அன்று குவளையிலிருந்து அவள் பெயர் விழுந்ததும், வேறு பெயரைக் குலுக்குங்கள் என்று சொல்ல நான் பாதி எழுந்துவிட்டேன். கினாசி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"சொல்லாதீங்கம்மா. நான் ஏத்துறேன்."

அவள் கை ஜில்லென்று இருந்தது. ஆனாலும் சொன்னாள். இத்தனை மாதத்தில் தனக்கென்று அவள் கேட்ட முதல் விஷயம் அது. இதிலும் பாதியில் ஓடி வந்துவிட்டால் இனி எதையும் கேட்க மாட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. அவளுக்கு இல்லை, எனக்கு.

தர்சோனோ நகரப் பேருந்து ஓட்டுகிறார். இயந்திரம் என்றால் அவருக்கு உயிர். மொட்டை மாடியில் துணி காயப்போடுகிற கம்பத்தில் ஒரு கப்பியை மாட்டிக் கயிறு கோத்தார். சிவப்புத் துண்டையும் வெள்ளைத் துண்டையும் ஊக்கால் சேர்த்ததும் எங்கள் நாட்டுக் கொடி தயார். தேசிய கீதம் அவர் செல்போனில். பாட்டு தொடங்கும்போது கொடி கிளம்ப வேண்டும், கடைசிச் சொல் முடியும்போது உச்சியைத் தொட வேண்டும். எங்கள் நாட்டில் கொடியேற்றத்தில் எல்லோரும் பார்ப்பது இந்த ஒன்றைத்தான். முன்பின் ஆனால் அடுத்த வருடம் வரை கிண்டல் செய்வார்கள்.

முதல் முறை, பாட்டு சூடு பிடிப்பதற்குள் கொடி உச்சிக்குப் போய்விட்டது. அடுத்த முறை பக்கத்து மாடியில் யாரோ புறாவுக்குத் தீனி போட்டார்கள். கினாசியின் கை நின்றுவிட்டது. பாட்டு முடிந்து, செல்போனில் வேறு பாட்டும் தொடங்கிவிட்டது. அப்புறம்தான் சுயநினைவு வந்து, முகம் வெளுத்து, ஒரே இழுப்பு. துண்டு பிய்த்துக்கொண்டு அடுத்த வீட்டுக் குழம்பில் போய் விழாத குறை.

மனதுக்குள் எண்ணிக்கொண்டே இழு என்றார் அவள் அப்பா. எண்ணிக்கை தொலைந்துபோனது. சரி, வேலையைச் சின்னதாக்குவோம் என்று கயிற்றில் ஒவ்வொரு வரி முடிகிற இடத்திலும் கலர் நூல் கட்டினோம். பச்சை நூல் கைக்கு வந்தால் முதல் வரி முடிந்தது, மஞ்சள் வந்தால் அடுத்தது. அது நன்றாக வேலை செய்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டு துணி மடித்தேன். நான் வாயை மூடிக்கொண்டு இருப்பதைப் பார்க்கவே சந்துப் பெண்கள் சிலர் மாடி ஏறி வந்தார்கள்.

ஆனால் நூலைக் கட்டலாம், பயத்தை எதில் கட்டுவது? நடுவில் மனசு போய்விட்டால் என்ன செய்வது, எல்லோரும் பார்ப்பார்களே என்று படுக்கையில் புரண்டுகொண்டே இருந்தாள்.

விழா நெருங்கியபோது இபு லஸ்மினி எங்கள் வீட்டுக்கு வந்தார். சந்துப் பெண்களின் பாட்டுக் குழுவுக்கு அவர்தான் தலைவி. நல்ல பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். பாவம், பிள்ளையை ஏன் வதைக்கிறீர்கள், கயிற்றை என் அண்ணன் மகன் கையில் கொடுத்துவிடலாமே என்றார். அன்போடுதான் சொன்னார். ஆனால் எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"கயிறு அவ கையில, இபு. பாட்டு உங்க வாயில. அவதான் பாட்டைப் பாத்து இழுக்கணும்னு யாரு சொன்னா? உங்களுக்குக் கண்ணு இல்லையா? கொடியப் பாத்து நீங்க பாடுங்க."

சொன்ன பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. இபு லஸ்மினி என்னை முறைத்தார். பிறகு, கொடி பாதியில் நின்றால் என்ன செய்வது என்று கேட்டார். அந்த இடத்திலேயே சுரத்தை இழுத்துப் பிடியுங்கள், மூச்சுக்கா உங்களிடம் பஞ்சம் என்றேன். அவர் சிரித்துவிட்டார்.

பாக் சுகிர்மானுக்கு இது பிடிக்கவில்லை. தேசிய கீதத்தை ரப்பர் மாதிரி இழுக்கலாமா, மரியாதை என்று ஒன்று இல்லையா என்றார். போன வருடம் பாட்டு முடிந்த பிறகும் கொடி பாதிக் கம்பத்தில் சிக்கிக்கொண்டு நின்றதே, அது என்ன மரியாதை என்று கேட்டேன். ரோஜா நிறச் சட்டையின் காலரைத் தடவிக்கொண்டு, சரி, கொஞ்சமாக இழுங்கள் என்றார்.

இதைக் கினாசியிடம் சொல்லாமல் வைத்தால் அழகாக இருக்கும் என்றார்கள் சிலர். நான் ஒத்துக்கொள்ளவில்லை. முன்னாடியே சொல்ல வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் சொன்னேன். தனக்காக இத்தனை பேர் மெனக்கெட வேண்டுமா என்று அவளுக்கு வெட்கம்.

"நான் நின்னா அவங்களும் நிப்பாங்களா?"

"நிப்பாங்க."

"யாரும் என் பேரைச் சொல்லிக் கூப்பிட மாட்டீங்கல்ல?"

நான் அவளுக்குச் சத்தியம் செய்து கொடுத்தேன். என் வாயைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய சத்தியம் என்று புரியும்.

எங்கள் சுதந்திர நாளான ஆகஸ்டு பதினேழாம் தேதி காலை பேட்மிண்டன் திடலில் மூங்கில் கம்பம் நட்டிருந்தது. ஓரமாக, சின்னப் பிள்ளைகள் எட்டிக் கடித்துத் தின்கிற போட்டிக்காக அப்பளங்கள் நூலில் தொங்கின. மொத்தச் சந்தும் வரிசையில் நின்றது. கினாசி வெள்ளைச் சீருடையில் கம்பத்தடியில் நின்றாள். காலையில் இரண்டு தடவை வாந்தி எடுத்துவிட்டுத்தான் வந்திருந்தாள். கொடியைக் கட்டினார்கள். விரித்தார்கள். எல்லோர் கையும் நெற்றிக்குப் போனது. பாட்டு தொடங்கியது.

பச்சை நூல் வந்தது, மஞ்சள் வந்தது. கொடி அழகாக ஏறியது. நான் மூச்சு விட ஆரம்பித்தேன். அப்போது பார்த்து எவன் வீட்டுப் பட்டமோ அறுந்து, வாலை ஆட்டிக்கொண்டு திடலுக்கு மேலே வந்தது. கினாசியின் முகம் அதோடு திரும்பியது. கை நின்றது. கொடி நடுக்கம்பத்தில் நின்றது.

பாட்டும் நின்றது. சும்மா நிற்கவில்லை, ஒரே சுரத்தில் நீண்டது. இபு லஸ்மினியின் கண்கள் பிதுங்கின. மற்ற பெண்கள் தக்காளியாகச் சிவந்தார்கள். பாக் சுகிர்மான் சல்யூட்டை இறக்கவில்லை. என் நாக்கு நுனியில் அவள் பெயர். பல்லால் உதட்டைக் கடித்துக்கொண்டேன். தர்சோனோ என் முழங்கையை அழுத்திப் பிடித்தார். ஒரு ஆள் கூடக் கூப்பிடவில்லை.

பட்டம் ஒரு கூரையில் போய் விழுந்தது. கினாசி திரும்பினாள். அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. முகம் வெளுத்தது, கழுத்து நரம்பு புடைத்தது. தேர்வு அறையிலிருந்து ஓடி வந்த அன்று வாசலில் நான் பார்த்த அதே முகம். ஒரு கால் பின்னால் போனது. போய்விட்டாள் என்றே நினைத்தேன். ஆனால் அவள் பாட்டுக் குழுவைப் பார்த்தாள். அவர்கள் பாடும் நிலையில் இல்லை. மூச்சு முட்டி ஒவ்வொருவராக விட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசியாக இபு லஸ்மினியும் விட்டார். திடல் முழுக்க அமைதி. அடுத்த வரி என்ன என்று அந்த அம்மாவுக்கு மறந்துபோய்விட்டது. எத்தனையோ வருடம் பாடிய பாட்டு. வாயைத் திறந்தார், மூடினார், கண் கலங்கிவிட்டது.

பின்னால் போன கால் முன்னால் வந்தது. கினாசி கயிற்றை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள். மொத்தச் சந்துக்கும் கேட்கிற குரலில், வீட்டில் பேசுகிற மாதிரி சொன்னாள்.

"பதறாதீங்க, இபு. மூச்சு வாங்கிக்கிட்டுப் பாடுங்க. நான் பிடிச்சிட்டிருக்கேன்."

அடுத்த வரியின் முதல் சொல்லை அவளே எடுத்துக் கொடுத்தாள். ஸ்ருதி கொஞ்சம் தப்பு. இபு லஸ்மினி அதைப் பிடித்துக்கொண்டார், பிறகு மற்ற பெண்கள், பிறகு சல்யூட் அடித்தபடியே ஆண்கள். அவர்கள் எல்லோரும் வந்து சேரும்வரை கினாசி காத்திருந்தாள். அதற்குப் பிறகுதான் கயிற்றை இழுக்க ஆரம்பித்தாள்.