நடுச்சுவர் ஏன் வியர்த்தது

ஒரு விஷயம் பிடிபடாவிட்டால் ரஞ்சனிக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவள் வீட்டுச் சுவரே வியர்க்க ஆரம்பித்தால் சும்மா விடுவாளா?

குன்னூர் மேட்டுத் தெருவில் அது ஓர் இரட்டை வீடு. ஒரே கூரை, நடுவில் ஒரே சுவர். இந்தப் பக்கம் ரஞ்சனியும் அவள் புருஷன் விஜயனும். அந்தப் பக்கம் தெய்வம்மாவும் அவள் மகன் பாலுவும். விஜயன் பல வருஷம் தேயிலை ஃபேக்டரியில் தூள் சலிக்கிற இடத்தில் நின்றவன். தூள் நெஞ்சில் தங்கிவிட்டது. குளிர் பட்டால் இழுப்பு. அதனால் அவன் கட்டில் எப்போதும் நடுச்சுவரோரம்தான். வீட்டிலேயே கதகதப்பான இடம் அதுதான். அது மட்டும் ஏன் அப்படி என்று ரஞ்சனிகூடக் கேட்டதில்லை. நல்லது நடக்கும்போது யார் காரணம் தேடுகிறார்கள்?

கோடையில் பாலு வீட்டைப் புதுப்பித்தான். மெஷின் சத்தம் காதைக் கிழித்தது. மழை தொடங்கியதும் நடுச்சுவர் நனைந்தது. சுண்ணாம்பு உப்பி, கறுப்பாகப் பூசணம் பூத்தது. விஜயன் உட்கார்ந்தபடியே தூங்க ஆரம்பித்தான். இந்த ஈரத்திலேயே கிடந்தால் மழைக்காலம் தாங்காது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். வேறு அறைக்கு எங்கே போவது? இருப்பதே ஓர் அறையும் சமையலறையும்தான்.

பைப்புதான்! சுவரை வெட்டிப் பைப்பைப் புதைத்துவிட்டான், அது ஒழுகுகிறது. ரஞ்சனி தீர்ப்பே எழுதிவிட்டாள். துணி காயப்போடும் கயிறு விஷயத்தில் தெய்வம்மாவோடு எப்போதோ பேச்சு நின்றுபோயிருந்தது. போதாததற்கு, விஜயன் இருமினால் அந்தப் பக்கத்திலிருந்தும் ஓர் இருமல் வரும். நக்கலுக்கு இருமுகிறாள் என்பாள் ரஞ்சனி. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடாதே என்பான் விஜயன். அவன் பேச்சை அவள் எங்கே கேட்டாள்?

பஸ் ஸ்டாண்டுக்கு மேலே இருக்கும் வக்கீல் அருள்ராஜிடம் போனாள். பொதுச்சுவர் இரண்டு பேருக்கும் சொந்தம் என்றார் அவர். ஒருத்தர் சம்மதம் இல்லாமல் இன்னொருத்தர் அதை வெட்டவோ பைப்பு புதைக்கவோ கூடாது. கெடுத்தவரே சரிசெய்து தர வேண்டும். நோட்டீஸ் விடலாம், ஆனால் முதலில் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வாம்மா என்றும் சொன்னார். சம்மதம், சம்மதம் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வீடு வந்தாள்.

கம்பளி நனையாமல் இருக்க, சுவரில் ஒரு பிளாஸ்டிக் தாளை ஒட்டி வைத்திருந்தாள். மறுநாள் காலையில் பார்த்தால் தாளின் மேலே முத்து முத்தாகத் தண்ணீர். தூக்கிப் பார்த்தாள், அடியில் சுவர் காய்ந்திருந்தது. இதென்ன கூத்து? பைப்பு ஒழுகினால் உள்ளேயல்லவா நனைய வேண்டும்? இனி அவளால் வீட்டில் இருக்க முடியுமா? பாதிக் கோபத்தை அந்தக் கேள்வி தின்றுவிட, மீதிக் கோபத்தோடு போய் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினாள்.

தெய்வம்மாதான் கதவைத் திறந்தாள். வக்கீல் சொன்னதை ரஞ்சனி மூச்சு விடாமல் ஒப்பித்து முடித்ததும், பார்த்துக்கொள் என்பதுபோல விலகி நின்றாள்.

வெட்டிய தடம் எங்குமே இல்லை. பைப்பெல்லாம் வெளிச்சுவரில் ஓடியது. பின்னால் புதுச் சமையலறை, அதில் கேஸ் அடுப்பு. நடுச்சுவருக்குப் புது நீலப் பெயின்ட் அடித்திருந்தார்கள். கீழ்ப்பகுதியில் மட்டும் பெயின்ட்டையும் மீறி ஒரு கரித்தடம் தெரிந்தது.

"இங்க என்னங்க இருந்துச்சு?"

"வெறகடுப்பு. இடிச்சாச்சு."

ரஞ்சனி அங்கே உள்ளங்கையை வைத்தாள். ஜில்லென்றிருந்தது. மறுபக்கம் சரியாக அதே இடத்தில்தான் விஜயனின் கட்டில். மழை நாளில் பஸ் கண்ணாடி உள்பக்கம் நனைவது நினைவுக்கு வந்தது. வெளியே குளிர், உள்ளே ஆட்களின் மூச்சு. அட, சுவரில் வழிந்தது எங்கள் வீட்டு மூச்சுதானா! இத்தனை வருஷமும் விஜயன் குளிர் காய்ந்தது இவள் அடுப்பிலா!

"அடுப்ப ஏங்கக்கா எடுத்தீங்க?" தன் வீட்டுப் பொருளைக் காணோம் என்பதுபோலக் கேட்டாள்.

பதில் சொல்ல வந்த தெய்வம்மாவுக்கு இருமல் முந்திக்கொண்டது. நக்கல் என்று ரஞ்சனி நினைத்திருந்தாளே, அதே இருமல். சுவரைப் பிடித்துக்கொண்டு அது ஓயும்வரை நின்றாள்.

"பொகைங்க. ஊதி ஊதி நெஞ்சு போச்சு. இனி வெறகுப் பக்கமே போகக் கூடாதுன்னுட்டாங்க டாக்டரு. அதுக்காகத்தான் பாலு இந்த வேலையே எடுத்தான்."

ரஞ்சனிக்கு அவமானமாக இருந்தது. தன் புருஷன் நெஞ்சைக் காத்த சூடு இவள் நெஞ்சைத் தின்ற அடுப்பிலிருந்து வந்திருக்கிறது. யாருக்கு நோட்டீஸ் விடுவது? பக்கத்து வீட்டு அடுப்புச் சூட்டுக்குச் சட்டத்தில் என்ன உரிமை? இப்போ தனக்கும் குளிர் தாங்கவில்லை என்றாள் தெய்வம்மா, புறப்பட்டவளிடம் மெதுவாக.

மூன்று நாள் ரஞ்சனிக்குச் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் மறுபடி போய் நின்றாள்.

"அக்கா, எங்க வெளித் தாழ்வாரத்துல வெந்நி போட ஒரு வெறகு பாய்லர் வைக்கிறோமுங்க. அதோட பொகைக்கொழாயை நடுச்சுவருக்குள்ள வுட்டு கூரைக்கு மேல ஏத்தணும். உங்க சம்மதம் இல்லாம சுவரத் தொடக் கூடாதாம்."

தெய்வம்மா யோசித்தாள். "பொகை உள்ள வராதுங்களே?"

"துளி வராதுங்க. இரும்புக் கொழா."

"அப்ப வெட்டிக்கங்க."

பாலுதான் வந்து சுவரை வெட்டிக் குழாயைப் புதைத்துப் பூசிக் கொடுத்தான். பூச்சு காய்ந்ததும் பாய்லரைப் பற்றவைத்தார்கள். சுவர் மெல்லச் சுட்டது. விஜயன் முதுகைச் சாய்த்து, பல நாளைக்குப் பிறகு மூச்சை முழுசாக இழுத்துவிட்டான். அந்தப் பக்கம் எதையோ தரதரவென்று இழுக்கிற சத்தம். என்னவென்று தெரியாமல் ரஞ்சனியால் இருக்க முடியுமா? சுவரில் காதை வைத்தாள். தெய்வம்மா தன் கட்டிலை நடுச்சுவரோரம் இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.