பட்டியலில் இல்லாத பதினோராவது ஆள்

பந்து வீச ஆள் மாறும்போதெல்லாம், எல்லைக் கோட்டுக்கு வெளியே மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் ஸ்கோரர் கூவிக் கேட்பார். மைசூர் மைதானங்களில் அது வழக்கம்.

"பௌலர் ஹெசரேனு?"

தன் பெயரைக் கேட்கும் அந்தக் கேள்விக்கு இரண்டு வருஷமாக ரத்தினவேல் பதில் சொன்னதில்லை. கேப்டன் ஹ்ருஷிகேஷ்தான் சொல்வான்: "ராஜு."

காவிரிக் கலவரத்துக்குப் பிறகு கிளப் வைத்த பெயர். ஹனூரிலிருந்து வந்து மண்டி மொஹல்லாவில் மூட்டை சுமக்கிற ரத்தினவேலின் வேகம் அவர்களுக்கு வேண்டியிருந்தது, தமிழ்ப் பெயர் வேண்டியிருக்கவில்லை. "கிரவுண்டுல வாயைத் திறக்காதே மாராயா" என்பான் ஹ்ருஷிகேஷ். அவன் வீட்டிலும் தமிழ்தான். ஆனால் அக்ரஹாரத்தில் பல தலைமுறையாக இருக்கிற குடும்பம். அவனை யாரும் எந்த ஊர் என்று கேட்பதில்லை.

போன வாரம் மனைவி அனுப்ரியா ஒரு நூலகப் புத்தகத்தை வாசித்துக் காட்டினாள். கியூபாக்காரன் ஒருவனின் கதை. ஹவானாவில் அவன் பேஸ்பால் பந்தை எறிய வந்தால் கூட்டமே எழுந்து நிற்கும். கடல் தாண்டி அமெரிக்கா போனால், வெளுத்த தோல் கியூபர்களுக்குப் பெரிய லீக். இவனுக்குக் கறுப்பர்களின் தனி லீக், படுக்க பஸ் இருக்கை. இருபது வருஷம் எறிந்தான். பெரிய லீக்கின் பதிவேட்டில் அவனைப் பற்றி ஒரு வரி இல்லை.

"ஆனாலும் அவன் பேர்லதான் எறிஞ்சான்," என்றாள். "நீங்க யாரு பேர்ல எறியறீங்க மாமா?"

இன்று இறுதிப் போட்டி. எதிரணி ஜெயிக்க இன்னும் பன்னிரண்டு ரன். பந்து ரத்தினவேல் கைக்கு வந்தது.

"பௌலர் ஹெசரேனு?"

ஹ்ருஷிகேஷ் வாயெடுக்குமுன் அவனே கூவினான். "ரத்தினவேல். ஹனூர்."

அம்பயர் ஆட்டக்காரர் பட்டியலைப் பிரித்துப் பார்த்தார். "அந்தப் பேர்ல ஆளே இல்லையே."

"தமாஷ் பண்றான் சார். ராஜுதான்," என்றான் ஹ்ருஷிகேஷ்.

"ராஜுன்னு எங்க ஊட்டுல யாரும் இல்லீங்க."

ஹ்ருஷிகேஷ் அவன் தோளைப் பிடித்தான். "மேட்ச் போயிடும்டா. ஜில்லா டீமுக்கு உன்னைப் பார்க்க ஆள் வந்திருக்கு."

"பார்க்கட்டுங்க. பேரோட பார்க்கட்டும்."

"பட்டியல்ல இல்லாதவன் போட்டா செல்லாது. வெளியே போ," என்றார் அம்பயர்.

ரத்தினவேல் திரும்பி நடந்தான். வெளியே அல்ல, ஓட்டம் தொடங்கும் இடத்துக்கு. அவன் ஓடிவந்ததைப் பார்த்த மட்டையாளன் பழக்கத்தில் குனிந்து நின்றுவிட்டான். நடு ஸ்டம்ப் பிடுங்கிக்கொண்டு பறந்தது.

அம்பயர் இரு கைகளையும் குறுக்கே ஆட்டினார். செல்லாது.

"எழுத வேண்டாங்க சார்," என்றான் ரத்தினவேல். "அந்த ஸ்டம்பை மட்டும் எடுத்து நட்டு வைங்க."

பத்தடி தள்ளிக் கிடந்தது ஸ்டம்ப். மைதானம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, அம்பயர் அதை எடுக்க நடந்தார்.