பொம்புளைகளுக்கு மட்டும்

எனக்கு இந்த வெப்சைட் வேலையே வேணாம் எண்டுதான் நான் முதல்ல சொன்னன். கல்முனைல கம்ப்யூட்டர் வகுப்பு எடுக்கிறவள் எண்டதுக்காக, தங்கச்சி முனவ்வறாட கலியாண வெப்சைட்ட என்ட தலையில கட்டிட்டாங்க. ஆனா உம்மா கேட்டதுக்குப் பொறகு எப்பிடி மாட்டன் எண்டு சொல்ற?

உம்மா குவைத்துல ஒரு வூட்டு வேலைல இரிக்கா. சுனாமி வாப்பாவையும் வூட்டையும் கொண்டு போனதுக்குப் பொறகு போனவ. நாட்டுச் சண்டையும் முடிஞ்சு ஒரு வருஷமாப் போச்சு, இன்னும் வந்து சேரல்ல. கலியாணத்துக்கு விடமாட்டன் எண்டு அந்த வூட்டு மேடம் பாஸ்போட்ட வெச்சுக்கொண்டு ஒரே புடியா நிண்டுட்டாள்.

"காவின் எழுதி நிக்காஹ் முடிக்க முந்தி புள்ளட முகத்த நான் ஒருக்காப் பாக்கணும் மகள். பாத்து ஒரு துஆ ஓதணும், வேற ஒண்டும் வேணாம்," எண்டா உம்மா. "இஞ்ச ஒரு ஆள்ர போன் இரிக்கி, அதுல பாக்கலாம்." ஆருட போன் எண்டு நானும் கேக்கல்ல, அவவும் சொல்லல்ல.

முனவ்வறா லேசுல போட்டோவுக்கு நிக்கிறவள் இல்ல. "அன்னிய ஆம்புள ஒருத்தன்ட கண்ணிலயும் படக்கூடாது ராத்தா, சத்தியம் பண்ணு," எண்டாள். பண்ணினன். சைட்ட ரெண்டாப் பிரிச்சன். அழைப்பிதழ், மண்டபத்துக்கு வழி எல்லாம் எல்லாருக்கும். பொண்ணுட படங்கள் பொம்புளைகள்ட பக்கத்துல, பாஸ்வேட் போட்டு. சொந்தக்காரப் பொம்புளைகள் அறுவது பேர்ட ஈமெயில கேட்டு வாங்கி பாஸ்வேட்ட அனுப்பினன். உம்மாக்கு போன்ல சொல்லிக் குடுத்தன். கலியாணத்துக்கு முதல் நாள் ராவு மருதோண்டிப் படங்கள ஏத்தினன்.

கலியாணத்தண்டு காலம்பொற கத்தார்ல இருந்து காலிதீன் மச்சான் கோல் எடுத்தாரு. "என்னகா பஹ்மிதா, முனவ்வறாக்கு மருதோண்டி நல்லாச் செவந்திரிக்கே!"

ஓடிப்போய் ஈமெயில் லிஸ்ட்டப் பாத்தன். யா அல்லாஹ்! மாமி தந்த ஈமெயில் மாமாட. சாச்சி தந்தது அவட மகன்ட. எங்கட பொம்புளைகள்ல எத்தின பேருக்கு சொந்தமா ஈமெயில் இரிக்கி? கேட்டா புருஷன்டயத்தான் தருவாங்க எண்டு எனக்குத் தெரியாதா? படிச்சுக் கிழிச்சு என்னத்துக்கு! நாப்பது ஆம்புளைகள்ட கையில நானே பூட்டுத் திறப்பக் குடுத்திரிக்கன்.

முனவ்வறா அழுத அழுகைய என்னெண்டு சொல்ற. "உன்னத்தானே ராத்தா நம்பினன்!" இனி ஒரு படமும் எடுக்க விடமாட்டன் எண்டு நிண்டாள். உம்மாவச் சொல்லித்தான் அவள்ட மனச இறக்கினன். "உம்மா ஒராளுக்கு மட்டும்," எண்டாள். "உம்மா பாக்காம நான் காவின்ல கையெழுத்தும் போடமாட்டன்."

பாஸ்வேட்ட மாத்தினன். அறுவது பேரையும் லிஸ்ட்டுல இருந்து வெட்டினன். உடன கோல் வரத் தொடங்கிட்டு. ஏன் வெட்டின, நாங்க என்ன கள்ளனுகளா எண்டு ஆளாளுக்கு உசிர வாங்கினாங்க. போன ஓப் பண்ணித் தூக்கிப் போட்டன். உம்மா வெள்ளிக்கிழமைதான் கோல் எடுக்கிறவ, இண்டைக்கு ஞாயிறு. பழைய பாஸ்வேட் வேல செய்யாட்டி அனுமதி கேக்கிற பட்டன அமத்துவா, மைமூனா எண்ட உம்மாட பேரக் கண்டதும் உள்ளுக்க விடுவம் எண்டு லெப்டொப்ப மடியில வெச்சுக்கொண்டு குந்தினன்.

லுஹர் தொழுகைக்குப் பொறகு பொண்ண உடுப்பாட்டி முடிஞ்சுது. நாலு படம் ஏத்தினன். அஸர் தொழுகையோட காவின்.

கொஞ்ச நேரத்துல அனுமதி கேட்டு ஒண்டு வந்திச்சு. பேர் கோகிலன்.

கோகிலனா? எங்கட சொந்தத்துல ஏது கோகிலன்? எந்த மச்சான் எந்தக் கூட்டாளிக்கு லிங்க்க அனுப்பினானோ! மறுத்தன். திரும்பவும் கோகிலன். திரும்பவும் மறுத்தன். மூணாம் தரம் பேருக்குப் பக்கத்துல ஒரு வரியும் வந்திச்சு: "அக்கா ப்ளீஸ், ஒரு தரம் மட்டும்." மிச்சத்தப் பாக்க அமத்தணும். நான் ஏன் அமத்துற? 'வெக்கம் கெட்டவனே, உனக்குத் தாய் இல்லியா?' எண்டு எழுதி அனுப்பிட்டு, ஆள அப்பிடியே புளொக் பண்ணினன்.

மைமூனா எண்ட பேர் வரவேயில்ல.

காவின் எழுதுற லெவ்வை பேப்பரோட அறை வாசலுக்கு வந்திட்டாரு. முனவ்வறா பேனையப் புடிச்சுக்கொண்டு என்னப் பாத்தாள். "உம்மா பாத்திட்டாவா ராத்தா?"

வெளிய மாப்புள வூட்டு ஆக்கள் நெருக்குறாங்க. நான் என்ன செய்ய? "ஓம்," எண்டன். கையெழுத்துப் போட்டாள்.

காவின் முடிஞ்சு போனத் திரும்ப ஓண் பண்ணினதும் உம்மாட கோல்.

"மகள், அந்த கோகிலன் தம்பி நம்மட பக்கத்து கோமாரி ஊர்ப் பொடியன். இந்த வூட்டு ட்ரைவர். அன்னிய ஆம்புளட போன் எண்டு சொல்ல எனக்கு வெக்கமா இரிந்திச்சு. மேடம் புருஷனோட வெளிய போன நேரம், போன என்ட கையில தந்திட்டு அவன் சுவரப் பாத்துக்கொண்டு நிண்டான். உள்ளுக்க போகுதில்ல எண்டு அவன்தான் எழுதினான். உனக்கும் எத்தின தரம் கோல் எடுத்தம்."

அமத்தாம விட்ட அந்த வரிய இப்ப அமத்தினன். "உங்கட உம்மா பக்கத்துல நிக்கிறா. நான் பாக்கமாட்டன்."

"நான் ஒரு மடச்சி உம்மா! இப்பவே திறந்து விடுறன்."

"கையெழுத்துப் போட்டுட்டாளா?"

"ஓம்."

"நான் பாக்காமலா?"

"நீங்க பாத்திட்டீங்க எண்டு சொல்லிட்டன்."

உம்மா ஏசல்ல. ஏசியிருந்தா எனக்கு நல்லமா இருந்திருக்கும்.

"சரி, அப்ப நீ சொல்லித் தா. அவள் என்னட்ட கேப்பாள். மேடத்துட கார் வந்திட்டு, கெதியாச் சொல்லு. என்ன நிறம்?"

"மெரூன் உம்மா. தங்கக் கரை."

"மருதோண்டி?"

"முழங்கை வரைக்கும்."

"முகம் எப்பிடி? சிரிச்சாளா?"

"நீங்க பாத்திட்டீங்க எண்டு சொன்ன உடன சிரிச்சாள்," எண்டன்.