கொக்கியில் மாட்டிய எண்பத்தாறு கிலோ

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு மேஸ்திரியின் எடை, சங்கிலியால் சுமை தூக்கும் லீவர் பிளாக்கின் கொக்கியில் மாட்டி மேலே போய்விட்டது. உடம்பு மட்டும் கீழே நின்றது. அதுவும் கொஞ்ச நேரம்தான் நின்றது. மூலையில் இருந்த மின்விசிறி இந்தப் பக்கம் திரும்பியதும், செருப்பைத் தரையிலேயே விட்டுவிட்டு அவர் மெதுவாக எழும்பித் தகரக் கூரையில் முதுகு தட்டி நின்றார். கையில் இருந்த ஸ்பானரை விடாமல் பிடித்திருந்தால் அவ்வளவு தூரம் போயிருக்க மாட்டார். பயத்தில் அதை விட்டுவிட்டார். அது வெல்டரின் சாப்பாட்டுத் தூக்கில் விழுந்து மூடியை நசுக்கியது. அந்த மூடி இன்னும் சரியாக மூடுவதில்லை. சந்தேகம் இருப்பவர்கள் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

அன்று லீவரை இழுத்தவள் மேஸ்திரியின் கொழுந்தியாள், அதாவது அவர் மனைவியின் தங்கை. பம்பும் மோட்டாரும் பழுது பார்க்கிற அந்தப் பட்டறையில் கனமான எதுவும் அவள் கையில்லாமல் தரையை விட்டுக் கிளம்பாது. அதனால் அவளுக்குச் சங்கிலிக்காரி என்று பெயர் வைத்திருந்தார்கள். பன்னிரண்டு வருடத்தில் ஒருவருக்கும் ஒரு நகம்கூடப் போனதில்லை. தினமும் காலையில் முதல் வேலையாக மேல் கொக்கி உத்திரத்தில் நன்றாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பாள். பிறகு சங்கிலியை மடியில் போட்டுக்கொண்டு, பேன் பார்ப்பதுபோல ஒவ்வொரு கண்ணியாகக் கட்டை விரலால் தடவுவாள். முறுக்கு விழுந்திருந்தாலும், நீண்டிருந்தாலும், விரலில் நெருடினாலும் சிவப்பு அட்டையைக் கட்டித் தொங்கவிட்டு விடுவாள். அட்டை தொங்கும் பிளாக்கை முதலாளி சொன்னாலும் எடுக்க மாட்டாள். லீவர் கனக்கிறது என்று யாராவது அதில் குழாயைச் சொருகி நீட்டப் பார்த்தால், அந்தக் குழாயைப் பிடுங்கி முதுகில் ஒன்று வைப்பாள். சட்டம் தெரிந்தவர்கள் அதைத் தவறு என்பார்கள். முதுகில் வாங்கியவர்கள் யாரும் அப்படிச் சொல்லவில்லை.

மேஸ்திரிக்கும் அவளுக்கும் ஒத்துப்போகாது. கொக்கியின் வாயில் ஸ்பிரிங் வைத்த ஒரு நாக்கு உண்டு, மாட்டிய சுமை நழுவாமல் அது காவல் காக்கும். மாட்டும்போது விரலால் அதை அமுக்க வேண்டியிருக்கிறது, நேரம் வீணாகிறது என்று சொல்லி, முந்தின வாரம் மேஸ்திரி அதைக் கட்டர் வைத்து வெட்டிப் போட்டுவிட்டார். அவள் எகிறினாள். "உங்க அக்கா நாக்கைத்தான் என்னால ஒண்ணும் பண்ண முடியல, இதையாவது வெட்டிக்கிறேனே" என்று அவர் பட்டறை கேட்கச் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிவப்பு அட்டையைக் கட்டினாள். அவர் அதை அவிழ்த்து விசிறிக்கொண்டார். அந்தச் செவ்வாய்க்கிழமை, மோட்டார் அவசரம், இன்றே ஏற்ற வேண்டும் என்று முதலாளியும் கத்தினார். வேறு வழியில்லாமல் அவள் ஏற்றினாள். மோட்டார் ஒழுங்காக மேடையில் போய் உட்கார்ந்தது. வெறும் கொக்கியை மேலே ஏற்றிவிட வேண்டியதுதான் பாக்கி.

அந்த நேரம் பார்த்து, உருண்டு போன ஒரு வாஷரைத் தேடி மேஸ்திரி கொக்கிக்கு அடியில் குனிந்தார். குனிந்தவர் நிமிர்ந்தபோது நாக்கில்லாத கொக்கி அவர் பிடரியில் பட்டது. சட்டையில் மாட்டவில்லை, தோலில் மாட்டவில்லை, எடையில் மாட்டியது. அவருக்கே தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை. ஒன்றரை டன் தூக்குகிற பிளாக்குக்கு எண்பத்தாறு கிலோ ஒரு பொருட்டே இல்லை. என்றாலும் மற்ற நாளாக இருந்தால் அவள் கை கண்டுபிடித்திருக்கும். அன்று கையில் கோபம் இருந்தது. விறுவிறுவென்று பத்தடி உயரத்துக்கு ஏற்றிவிட்டுத்தான் நிறுத்தினாள்.

அண்ணாந்து பார்த்தால் கொக்கியில் ஒன்றும் இல்லை, சங்கிலி மட்டும் விறைப்பாக நின்றது. அதற்குப் பக்கத்தில் கூரையோடு ஒட்டிக்கொண்டு மேஸ்திரி. அவள் உடனே பிளாக்கின் விசையை இறக்கும் பக்கம் தள்ளப் போனாள். "தொடாதே! லீவரைத் தொட்டே, கொன்னுடுவேன்!" என்று கூரையிலிருந்து சத்தம் வந்தது. பயத்தில் கத்துகிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். பயம்தான். ஆனால் என்ன பயம் என்பது அவருக்கு மட்டும் தெரியும். கழியால் இழுத்துக் கீழே கொண்டுவந்ததும் அவர் செய்த முதல் காரியம், லீவரைப் பூட்டுப் போட்டுக் கட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டதுதான்.

அப்படியே இரண்டரை வருடம் போனது. மேஸ்திரி பேன்ட் பாக்கெட்டுகளில் நட்டும் போல்ட்டும் நிரப்பிக்கொண்டு நடந்தார். காற்றடிக்காத நாளில் அது போதும். காற்றடித்தால் ஒரு கயிற்றால் தன்னை மேஜையில் பொருத்திய வைஸ் என்னும் இரும்புப் பிடியில் கட்டிக்கொண்டு பட்டம் மாதிரி மேலே நின்று வேலை வாங்குவார். மேலிருந்து பார்த்ததால் மோட்டார்களுக்குப் பின்னால் ஒளிந்து பீடி குடித்தவர்கள் எல்லாரும் மாட்டினார்கள். குளிக்கும்போது பேன்ட்டைக் கழற்ற வேண்டும் என்பதால் வீட்டில் அவர் இடுப்பில் கட்டிக்கொள்ள வாளி நிறையக் கல் வைத்திருந்தார்கள். கக்கூசில் என்ன ஏற்பாடு என்பதை எழுத வேண்டாம். வெளியூரிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்தார். புத்தகத்தைப் புரட்டினார், கொக்கியைப் பார்த்தார், சுமை எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். கண்ணுக்குத் தெரியாததை இல்லை என்று எழுதுவதற்கு அவருக்குச் சம்பளம். சங்கிலி ஏன் விறைப்பாக நிற்கிறது என்று அவர் கேட்கவில்லை, புத்தகத்தில் அந்தக் கேள்வி இல்லை போலிருக்கிறது.

பழி முழுக்கச் சங்கிலிக்காரி தலையில் விழுந்தது. சொந்த அக்கா புருஷன் எடையையே தூக்கினவள், நாளைக்கு நம்மை விடுவாளா என்றார்கள். அவளைச் சங்கிலிப் பக்கமே விடாமல், மூலையில் உட்கார வைத்து மண்ணெண்ணெயில் பேரிங் கழுவச் சொன்னார் மேஸ்திரி. விரல் இடுக்கெல்லாம் வெடித்தது. அவளும் கழுவினாள். கோபத்தோடு லீவரைப் பிடித்தது தன் தவறு என்று அவளுக்கு உள்ளுக்குள் ஒரு உறுத்தல். ஆனால் தினமும் காலையில் யாரும் வருவதற்கு முன்னால் ஏணியில் ஏறி, பிளாக்கிலிருந்து வெளியே வரும் முதல் கண்ணியில் சாக்பீஸால் கோடு போட்டு வைப்பாள். மறுநாள் பார்ப்பாள். கோடு போட்ட இடத்திலேயே இருக்கும்.

மூன்றாவது வருட மழைக்காலத்தில் ஒரு திங்கட்கிழமை, கோடு ஒரு கண்ணி கீழே இறங்கியிருந்தது. வியாழனுக்குள் ஐந்து கண்ணி. லீவர் பூட்டியபடியே இருக்கிறது, யாரும் தொடவில்லை, ஒரு சத்தமும் இல்லை. வெள்ளிக்கிழமை, கொக்கிக்கு நேர் கீழே நின்ற காலி டிரம்மை வெல்டர் ஒற்றைக் கையால் உருட்டப் போய்த் தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எடை போட்டுப் பார்த்தார்கள். டிரம் ஒன்பது கிலோ கூடியிருந்தது. இறங்கி வந்த எடையின் பாதப் பகுதி டிரம்மில் ஊன்றி, ஊன்றிய வரைக்கும் அதற்குள் போய்விட்டது. டிரம்மை நகர்த்திவிட்டார்கள், அடுத்தது தரை. மீதி எடை சிமென்ட் தரையில் ஊன்றினால் எந்தப் பிளாக்காலும் அதைத் திரும்ப எடுக்க முடியாது, மேஸ்திரி ஆயுள் முழுக்கக் காகிதம்தான்.

சங்கிலிக்காரி கையைக்கூடத் துடைக்காமல் அக்கா வீட்டுக்குப் போனாள். மேஸ்திரிக்கு அன்று விடுமுறை. ஜன்னல் கம்பியில் கயிறு கட்டி மனைவி அவரை மேலே விட்டிருந்தாள். அவர் கையில் துடைப்பம், கூரை மூலையில் ஒட்டடை அடித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, பிளாக்கை என்ன பண்ணினீங்க?"

"நான் என்ன பண்ணினேன்? லீவரைப் பிடிச்சது நீ."

"அன்னிக்கு அது டக் டக்னு சத்தமே போடலை. வெறி புடிச்ச மாதிரி இழுத்தேன், காதுல விழலை. இப்பத்தான் உறைக்குது."

மேலே துடைப்பம் நின்றது. கீழே அக்காள் நிமிர்ந்து பார்த்தாள். "சத்தமா? மத்தியானம் கண்ணசர விடமாட்டேங்குது அந்தச் சனியன்னு தினமும் புலம்புவாரேடி!"

"கொஞ்சம் எண்ணெய் விட்டேன்" என்றார் மேஸ்திரி, ஒட்டடையைப் பார்த்துக்கொண்டு.

"எங்க விட்டீங்க?"

"மூடியைக் கழட்டிட்டு... உள்ள."

"எவ்வளவு?"

"அரை டம்ளர் இருக்கும்."

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். எண்ணெய் சங்கிலிக்கு. பிளாக்கின் உள்ளே சுமையைப் பிடித்து நிறுத்துவது இரண்டு தட்டுகளின் உரசல், அதுதான் பிரேக். அது காய்ந்திருந்தால்தான் பிடிக்கும். அதில் ஒரு சொட்டு பட்டாலும் வழுக்கும். அரை டம்ளர் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டுக்குள் ஊறி இப்போது வேலையைக் காட்டுகிறது. இறக்கலாம் என்று அன்றே விசையைத் தள்ளியிருந்தால், தட்டுகள் விலகி எண்ணெய் உடனே உள்ளே போய், மொத்தமும் சடசடவென்று விழுந்திருக்கும். அதனால்தான் அந்தக் கத்தல், அதனால்தான் பூட்டு.

"இது தெரிஞ்சே என்னை ரெண்டரை வருஷம் பேரிங் கழுவ வச்சீங்களா?"

"மேஸ்திரிக்கு ஒரு பிளாக் தெரியலைன்னு பசங்க சிரிப்பானுங்கடி. அப்புறம் எவன் மதிப்பான்?"

"இப்ப மட்டும் என்ன கெட்டுப் போச்சு? எல்லாரும் உங்களை அண்ணாந்துதானே பார்க்கிறாங்க" என்றாள் மனைவி. கயிற்றை இன்னும் இரண்டு முழம் விட்டாள். அவர் தலை கூரையில் முட்டியது.

மறுநாள் காலை சங்கிலிக்காரி ஒரு டன் பிளாக் ஒன்றை எடுத்தாள். ஒரு மணி நேரம் பேன் பார்த்தாள். மூடியைத் திறந்து தட்டில் விரல் வைத்து, விரலை முகர்ந்து, காய்ந்துதான் இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டாள். சின்ன மோட்டார் ஒன்றை ஒரு சாண் தூக்கி, கையை எடுத்துவிட்டு, ஒரு டீ குடிக்கிற நேரம் நிறுத்திப் பார்த்தாள். அசையவில்லை. அதன் பிறகுதான் உத்திரத்தில் பழைய பிளாக்குக்குப் பக்கத்தில் அதை மாட்டினாள். சுமை தொங்கும்போது பழைய பிளாக்கைத் திறக்க முடியாது, சுமையை முதலில் கை மாற்ற வேண்டும். கண்ணுக்குத் தெரியாததைக் கை மாற்றுவது எப்படி? ஏணியில் ஏறிச் சிமென்ட் தூளை இரண்டு பிடி ஊதிவிட்டாள். தூள் போய் ஒட்டியதும் மேஸ்திரியின் எடை உருவமாகத் தெரிந்தது. தொப்பையில் முக்கால்வாசி, தொடையில் கொஞ்சம், கீழே கணுக்காலோடு முடிந்துபோயிருந்தது. தலைப் பக்கம் ஒன்றும் பெரிதாக இல்லை. "நான் அப்பவே சொன்னேனே" என்றார் வெல்டர்.

தொப்பைக்குக் கீழே பெல்ட்டைச் சுற்றிப் புதுக் கொக்கியில் மாட்டினாள். கொக்கியின் நாக்கு சொடக்கென்று மூடியது. லீவரை இழுத்தாள். டக், டக், டக். ஒவ்வொரு சத்தத்துக்கும் பழைய சங்கிலியின் விறைப்பு குறைந்தது. எட்டாவது இழுப்பில் அது தொளதொளவென்று தொங்கியது. பழைய கொக்கியைக் கழற்றிய பிறகுதான் அவள் நெற்றியைத் துடைத்தாள்.

சுமைக்கு அடியில் யாரும் நிற்கக் கூடாது என்பது அவள் சட்டம். சுமைக்குச் சொந்தக்காரனே நிற்க வேண்டியிருந்தால் என்ன செய்வது என்று அந்தச் சட்டத்தில் இல்லை. சாக்பீஸால் தரையில் ஒரு வட்டம் போட்டு மற்ற எல்லாரையும் வெளியே நிறுத்தினாள். மேஸ்திரியின் இரண்டு காலையும் தரை போல்ட்டில் கட்டி நிமிர்த்தி நிற்க வைத்தார்கள். அவள் விசையை இறக்கும் பக்கம் தள்ளினாள். லீவரில் கை வைத்தாள். இழுக்கவில்லை.

"சொல்லுங்க மாமா."

"என்னத்தைச் சொல்ல? இறக்குடி, கால் வலிக்குது."

"எடையே இல்லாத காலு எப்படி வலிக்கும்? எங்கிட்ட சொன்னதை இவங்ககிட்டயும் சொல்லுங்க."

மேஸ்திரி மேலே பார்த்தார். சிமென்ட் தூள் பூசிய தன் தொப்பை பத்தடிக்குள் தொங்குவதைப் பார்த்தார். பிறகு வெல்டரைப் பார்க்காமல், "பிரேக்குக்கு எண்ணெய் விட்டது நான்தான். அவ மேல தப்பில்லை" என்றார். யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பார்கள் என்று பயந்து இரண்டரை வருடம் பறந்தவருக்கு அது இன்னும் அவமானமாக இருந்தது.

டக், டக், டக். எடை விரல் விரலாக இறங்கியது. தலையில் தொட்டு, தோளில் வழிந்து, நனைந்த சட்டை உடம்பில் ஒட்டுவதுபோல ஒட்டியது. முழங்கால் மடங்கிச் சமாளித்துக்கொண்டு நின்றார். கயிறு தானாகத் தளர்ந்தது. பாக்கெட்டில் இருந்த நட்டும் போல்ட்டும் கனம் தாங்காமல் பேன்ட்டை இறக்கிவிட்டன.

"கனக்குதுடி."

"கனக்கத்தான் செய்யும். இடத்தை விட்டு நகருங்க, கொக்கியை ஏத்தணும்."

அன்று மாலையே பழைய பிளாக்கைப் பிரித்து, தட்டுகளைக் கழுவிக் காயவைத்து, தேய்ந்ததை மாற்றி, கொக்கிக்குப் புது நாக்கு போட்டாள். பேரிங் கழுவும் மூலைக்கு அவள் திரும்பிப் போகவில்லை. மேஸ்திரியின் பாத எடை டிரம்மோடு போனது போனதுதான், டிரம்மைக் கவிழ்த்துப் பார்த்தும் வரவில்லை. அதனால் இன்றைக்கும் அவர் நடந்தால் காலடிச் சத்தம் கேட்காது. எப்போது பின்னால் வந்து நிற்கிறார் என்று தெரியாமல் பீடி குடிப்பவர்கள் முன்னைவிட அதிகமாக மாட்டுகிறார்கள். பிளாக் மட்டும் பழையபடி சத்தம் போடுகிறது. மத்தியானத்தில் அவர் பஞ்சைக் காதில் வைத்துக்கொண்டு தூங்குகிறார்.

வீட்டில்தான் கூரை மூலைகளில் ஒட்டடை சேர ஆரம்பித்தது. ஏணி வைத்தால் எட்டவில்லை, ஆள் வைத்தால் சரியாக அடிப்பதில்லை. நான்கு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு அக்காள் பட்டறைக்கு வந்து தங்கையிடம் தயங்கித் தயங்கிக் கேட்டாள். அதிலிருந்து மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரி வட்டத்துக்குள் வந்து நிற்கிறார். சங்கிலிக்காரி அவர் எடையைப் பெல்ட் போட்டு மேலே ஏற்றி வைக்கிறாள். மனைவி அவரைச் சைக்கிள் கேரியரில் கயிறு கட்டி மேலே மிதக்கவிட்டு வீட்டுக்கு இழுத்துப்போகிறாள். தெருவில் எதிரே வருபவர்கள் தலையைக் கொஞ்சம் குனிந்து வழி விடுகிறார்கள், அவ்வளவுதான். மூன்று மணிக்குள் ஒட்டடை முடிந்து திரும்பக் கொண்டுவந்து விடுகிறாள். வட்டத்துக்குள் நிற்க வைத்ததும் மேஸ்திரி ஒவ்வொரு மாதமும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்: "எண்ணெய் எதுவும் விடலையே?"

சங்கிலிக்காரி லீவரை ஒரு இழுப்பு இழுத்துச் சத்தத்தைக் கேட்கவிடுகிறாள். அவர் கண்ணை மூடிக்கொள்கிறார்.