பெயிண்ட் வேண்டாத வேலி

நரசிம்மலு அந்த வெள்ளைப் பலகையை என் கையில் கொடுத்தபோதே எனக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. சிரித்துக்கொண்டே கொடுத்தார். பக்கத்து வீட்டுக்காரர் காலை ஏழு மணிக்குக் கேட்டருகே வந்து சிரித்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். காரணம் இல்லாமல் சிரிக்கிறவர்களை நான் பார்த்ததில்லை.

"பி.வி.சி.ங்க, மாசாணம் சார். தண்ணிக் குழாய் செய்யறாங்கல்ல, அதே சாமானுங்க. இப்ப வேலிக்குன்னே பலகையாச் செஞ்சு தாராங்க. காந்திபுரத்துல ஒரு கடையில பார்த்தேன். சாம்பிளுக்கு ஒண்ணு வாங்கியாந்தேன்."

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே மதில் கட்ட வழியில்லை. தெருவுக்கான தண்ணீர்க் குழாய் சரியாக எல்லைக் கோட்டுக்கு அடியில் போகிறது, அஸ்திவாரம் தோண்ட முடியாது. அதனால் வேலிதான். இருந்த முள்கம்பி துருப்பிடித்துத் தொங்கிவிட்டது. செலவை ஆளுக்குப் பாதியாகப் போட்டு நல்ல வேலியாக வைக்கலாம் என்று அவர்தான் முதலில் சொன்னார். நான் மரவேலி என்று நினைத்துச் சரி என்றிருந்தேன்.

"மரம்னா வருசா வருசம் பெயிண்ட் அடிக்கோணும். கறையான் வேற. இதுக்கு ஒண்ணுமே வேண்டாமுங்க. ஒருக்கா நட்டுப்போட்டா அவ்வளவுதான். உங்களை நானோ, என்னை நீங்களோ தொந்தரவு பண்ற சோலியே வராது."

எல்லாம் சரி. அந்தக் கடைசிப் பேச்சுதான் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. தொந்தரவு பண்ற சோலியே வராதாம். யோசித்துச் சொல்கிறேன் என்று பலகையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

எனக்கு ஏன் தைத்தது என்று சொல்லிவிடுகிறேன். என் அப்பா தொண்டாமுத்தூரில் ஒரு நாயக்கர் தோட்டத்தில் பண்ணையாள். அது நரசிம்மலுவின் தோட்டம் இல்லை, அவருக்கு உறவும் இல்லை, ஆனால் அவர் சாதி ஆட்கள்தான். வாசலைத் தாண்டி அப்பா அந்த வீட்டுக்குள் போனதில்லை. நான் படித்தேன், டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலைக்குச் சேர்ந்தேன், தொண்ணூற்றாறில் கடன் வாங்கி வடவள்ளியில் நாலரை சென்ட்டில் வீடு கட்டினேன். பக்கத்தில் யார் என்று பார்த்தால் மில்லில் மெயின்டனன்ஸ் பார்த்து ஓய்வு பெற்ற நரசிம்மலு. கூட அவர் சம்சாரம் ரங்கநாயகி. விதி என்னைப் பார்த்துக் கண்ணடித்ததாகவே நினைத்தேன்.

அவர் என்னிடம் ஒருநாளும் முறைதவறிப் பேசியதில்லை. அதுதான் பெரிய தொல்லை. திட்டினால் திருப்பித் திட்டலாம். 'சார்' என்று கூப்பிடுகிறவரை என்ன செய்வது? தெருவில் மற்றவர்களையெல்லாம் அண்ணா, தம்பி, மாப்ளே என்று கூப்பிடுகிறவர் என்னை மட்டும் சார் என்கிறார். போன் கனெக்‌ஷன் வேண்டியிருக்கும் என்று முதலில் நினைத்தேன். அவர் வீட்டில் ஏற்கெனவே போன் இருந்தது.

எங்கள் புதுமனை புகுவிழாவுக்கு இருவரும் வந்தார்கள். ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். எல்லா அறையையும் சுற்றிப் பார்த்து, ஜன்னல் கொண்டியை ஆட்டிப் பார்த்து, நல்ல வேலை என்றார் நரசிம்மலு. இலை போட்டாச்சு, சாப்பிடலாம் என்றேன். "தாராபுரத்துல ஒரு சீருங்க, சார். அங்க போய்ச் சாப்பிடாட்டி கோவிச்சுக்குவாங்க" என்றார். காபி? வேண்டாம். தண்ணீராவது? இப்பத்தானுங்க குடிச்சேன். போய்விட்டார்கள். நான் வேலையெல்லாம் விட்டுவிட்டு மொட்டை மாடியில் ஏறிப் பார்த்தேன். மத்தியானம் இரண்டு மணி வரை அவருடைய பியட் கார் ஷெட்டிலேயே நின்றது.

"பஸ்ல போயிருப்பாங்க" என்றாள் என் சம்சாரம் பழனியாத்தாள்.

"கார் வெச்சிருக்கறவன் தாராபுரத்துக்கு எதுக்குப் புள்ள பஸ்ல போறான்?"

"பெட்ரோல் விக்கற வெலைக்குப் போவாங்க. உங்களுக்கு ஏனுங்க இத்தனை வெசனம்?"

வெசனம் இல்லாமல் எப்படி இருக்கும்? வாடகை வீடென்றால் காலி செய்துவிட்டுப் போகலாம். இது ஆயுசுக்கும் குடியிருக்கப்போகிற வீடு. எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். இந்த மனிதர் என் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடிப்பாரா, மாட்டாரா? மாட்டார் என்றால் அதற்கு ஏற்ற மாதிரி நான் நடந்துகொள்வேன். குடிப்பார் என்றால் நானும் மற்றவர்களைப்போல நிம்மதியாகப் பல் துலக்கிக்கொண்டே அவரிடம் ஊர்க்கதை பேசுவேன். இரண்டும் தெரியாமல் இருப்பதுதான் ஆளைத் தின்றது.

அந்த வெள்ளைப் பலகையை நான் படுத்தாத பாடில்லை. வளைத்தேன், வளைந்து திரும்பி நேராயிற்று. மொட்டை மாடி வெயிலில் ஒரு வாரம் போட்டேன், ஒன்றும் ஆகவில்லை. மூலையில் தீக்குச்சியைக் காட்டினேன், கருகி ஒரு நாற்றம் வந்தது. அதைப் பெரிய கண்டுபிடிப்பாகப் பழனியாத்தாளிடம் காட்டினேன்.

"வேலிக்கு யாருங்க தீ வெக்கப் போறாங்க?" என்றாள். "துடைச்சா பளிச்சுனு இருக்குது. இதையே வெச்சிருங்க."

அவளுக்கு என்ன தெரியும்! மரவேலி என்றால் இரண்டு பக்கமும் பெயிண்ட் அடிக்க வேண்டும். முறை வைத்து அடித்தால் அவர் பக்கத்தை அடிக்க நான் போக வேண்டும், என் பக்கத்தை அடிக்க அவர் வர வேண்டும். வந்தால் உட்கார வேண்டும், உட்கார்ந்தால் தாகம் எடுக்கும். பிளாஸ்டிக் என்றால் அந்த வம்பே இல்லை. அதற்குத்தான் மனிதர் காந்திபுரம் வரை அலைந்திருக்கிறார். விலை அதிகமாக வருவதைத் தானே போட்டுக்கொள்வதாகவும் சொன்னார். அதில் சந்தேகம் உறுதியாகிவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பலகையைத் திருப்பிக் கொடுத்தேன்.

"மரமே வெச்சரலாமுங்க. வெள்ளைப் பிளாஸ்டிக் ஆஸ்பத்திரி மாதிரி இருக்குது."

"மரத்துக்கு வேலை எச்சுங்களே, சார்."

"முறை வெச்சுக்கலாமுங்க. ஒரு வருசம் நீங்க, ஒரு வருசம் நானு. அவிங்கவிங்க முறைக்கு ரெண்டு பக்கமும் அவிங்களே அடிக்கோணும்."

என் முகத்தையே ஒரு நிமிஷம் பார்த்தார். நான் போட்ட கணக்கு அவருக்குப் புரிந்துவிட்டதோ என்று முள்கம்பிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"சேரிங்க. மொத வருசம் நானே அடிச்சர்றேன்" என்றார். இத்தனை சுலபமாக ஒத்துக்கொண்டதும் எனக்குப் பிடிக்கவில்லை.

மருதாசலம் என்கிற ஆசாரியை அவர்தான் கூட்டி வந்தார். வேங்கைக் கம்பம், சில்வர் ஓக் பலகை. மேட்டுப்பாளையத்திலிருந்து மரம் வந்து இறங்கியதும் நரசிம்மலு ஒவ்வொரு பலகையாகத் தட்டிப் பார்த்து, முடிச்சு விழுந்த நாலைத் தள்ளிவைத்தார். நான் அவர் தள்ளியதையும் தட்டிப் பார்த்தேன், தள்ளாததையும் தட்டிப் பார்த்தேன். எனக்கு எல்லாம் ஒரே சத்தமாகத்தான் கேட்டது. கம்பத்தின் அடிக்குத் தார் பூசி நட்டார்கள். பச்சைப் பெயிண்ட். தெருவில் எல்லாரும் அழகாக இருக்கிறது என்றார்கள்.

அப்புறம் ஒரு வருஷம் காத்திருந்தேன். பெயிண்டரை அனுப்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன். நான் டூட்டிக்குப் போன நேரம் பார்த்து ஆள் வந்து அடித்துவிட்டுப் போய்விடுவான், என் திட்டம் பாழாகும். பெயிண்டரே வேண்டாம் என்று ஒப்பந்தத்தில் சேர்க்காமல் விட்டேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

வைகாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கேட்டுக் கொண்டி சத்தம் கேட்டது. பழைய பேன்ட்டும் கை வைத்த பனியனுமாக அவரே நின்றார். கையில் ஒரு பக்கெட், அதில் பெயிண்ட் டப்பா, பிரஷ், உப்புத்தாள், துடைக்கத் துணி.

"பெயிண்டர் பசங்களை நம்ப முடியாதுங்க, சார். மேலாப்புல தடவிப்போட்டுப் போயிருவானுக. நாமளே அடிச்சாத்தான் மனசு ஆறும்" என்றார்.

எனக்குச் சட்டென்று அவரைப் பிடித்துப்போனது. உடனே சுதாரித்துக்கொண்டு பக்கெட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். தண்ணீர்ப் போசியோ பாட்டிலோ இல்லை. மத்தியானம் வீட்டுக்குப் போய்க் குடித்துவிட்டு வருவாராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

வெயில் ஏறியது. அவர் பலகை பலகையாகத் தேய்த்து, துடைத்து, அடித்துக்கொண்டே வந்தார். நான் பப்பாளி மரத்தடியில் பேப்பர் படிப்பதுபோல உட்கார்ந்திருந்தேன். ஒரு எழுத்து மனதில் ஏறவில்லை. பன்னிரண்டு மணிக்கு எழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிழலுக்கு வந்து, கவிழ்த்துப் போட்ட சிமென்ட் தொட்டி மேல் உட்கார்ந்தார்.

"சார், குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமுங்களா?"

இதற்குத்தான் ஒரு வருஷமாகக் காத்திருந்தேன். இதற்காகத்தான் மரவேலி, இதற்காகத்தான் முறை. உள்ளே பார்த்து, "ஏம்புள்ள, தண்ணி கொண்டா" என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும்.

"இதா வந்தர்றனுங்க" என்று எழுந்து வெளியே ஓடி ஸ்கூட்டரை உதைத்தேன்.

எதற்கு என்றால், நான் பிறந்து வளர்ந்த தெருவில் அப்படித்தான். ஓட்டுக் கேட்கவோ, களையெடுக்க ஆள் கூப்பிடவோ தோட்டத்துக்காரர்கள் யாராவது வந்து உட்கார்ந்தால், யாரும் சொல்லாமலே ஒருவர் கடைக்கு ஓடிப்போய்க் கலர் சோடா வாங்கி வருவார். மூடி திறக்காத பாட்டில். எங்கள் கை படாத தண்ணீர். அவர்கள் குடித்துவிட்டுப் போவார்கள், எங்களுக்கும் அவமானம் இல்லை, அவர்களுக்கும் சங்கடம் இல்லை. வீட்டுத் தண்ணீரைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். எனக்கு நாற்பத்தாறு வயது, அரசாங்க உத்தியோகம். என் கால் என்னைக் கேட்காமல் கடைக்குப் போய்விட்டது. பஸ் ஸ்டாப் கடையில் பாட்டிலை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு திரும்பும்போதுதான் என்ன செய்கிறேன் என்பது உறைத்தது. உண்மையைச் சொல்வதென்றால் எனக்குப் பயம். சொம்பை நீட்டி அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டால், அந்த முகத்தை ஆயுசுக்கும் வேலிக்கு மேலே பார்க்க வேண்டுமே என்கிற பயம்.

வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தேன். பழனியாத்தாள் தண்ணீர்ச் சொம்போடு அவருக்கு எதிரே நின்றுகொண்டிருந்தாள். சொம்பு நிறைய இருந்தது. அவர் இரண்டு கையும் மடி மேல் இருந்தன. நான் மூடியைத் திறந்து பாட்டிலை அவர் கையில் திணித்தேன்.

அவர் பாட்டிலைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"எதுக்குங்க சார் இது, தண்ணி போதுமே" என்றார்.

"இருக்கட்டுமுங்க, வெயிலுக்கு நல்லாருக்கும்."

ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் காலிப் பாட்டிலை என்னிடமே கொடுத்தார். பழனியாத்தாள் சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவர் மூன்று மணி வரை அடித்து முடித்து, கீழே சிந்தியிருந்த சொட்டுகளையெல்லாம் துணியால் துடைத்து, "வாரனுங்க, சார்" என்று சொல்லிக்கொண்டு போனார்.

அவர் தலை மறைந்ததும் சமையலறைக்குப் போனேன்.

"ஏம்புள்ள, நீ சொம்பைக் கொண்டுபோனப்ப அவரு கையை நீட்டுனாரா?"

அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"நீட்டுனாருங்க. சொம்பு விரல்ல பட்டுப்போச்சு. அப்பத்தான் உங்க வண்டிச் சத்தங் கேட்டுது. சார் என்னமோ வாங்கிட்டு வாராரு போலன்னு கையை எடுத்துட்டாரு."

"நெசமாவா?"

அவள் சொம்பை ஓங்கி மேடையில் வைத்தாள்.

"அவிங்களை மட்டுந்தான் நம்ப மாட்டீங்கன்னு இருந்தேன்" என்றாள்.

மறுபடியும் கேட்டதற்குக் குழாயைப் பெரிதாகத் திறந்துவிட்டாள். பதினெட்டு வருஷமாக என்னோடு குடும்பம் நடத்துகிறவள். ஒரு பொய் சொன்னதில்லை. ஆனாலும் நடந்ததைத்தான் சொன்னாளா, என் மனசு ஆறட்டும் என்று சொன்னாளா என்பது எனக்குத் தெரியவில்லை. அவரிடம் போய்க் கேட்கவும் முடியாது.